வாசலில் சாய்தளம் கட்டும் முன் வாட்டத்தை நீங்களே அளந்து பாருங்கள்

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவைச் சக்கர நாற்காலியில் வீட்டுக்கு அழைத்து வந்தபோது, வாசலில் இருந்த இரண்டு படிகள் மலைபோல நின்றன. ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கித்தான் உள்ளே கொண்டுபோனோம். அடுத்த வாரமே கொத்தனாரை அழைத்துச் சாய்தளம் கட்டினோம். படிகளின் உயரம் 14 அங்குலம். 'அடிக்கு ஒரு அங்குலம் வாட்டம் இருந்தால் போதும்' என்று கேள்விப்பட்டிருந்ததால் 14 அடி நீளம் விட்டோம். கணக்குச் சரியாகத்தான் தோன்றியது.

கட்டி முடித்து, ஈரம் காய்ந்து, அப்பாவை உட்காரவைத்துத் தள்ளியபோது பாதியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. இறக்கும்போது நாற்காலி என்னை இழுத்துக்கொண்டு ஓடப் பார்த்தது. அப்பா கைப்பிடியை இறுகப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். பகலில் வீட்டில் இருப்பவர் அம்மா மட்டும்தான். அவரால் அதில் ஓர் அடிகூடத் தள்ள முடியவில்லை. ஒன்றரை மாதம் கழித்து அதை உடைத்தோம்.

சிமெண்டிலோ வேலையிலோ குறை இல்லை. இரண்டு புள்ளிகளுக்கு இடையே வாட்டம் பார்க்கும்போது கீழ்ப்புள்ளியைத் தவறான இடத்தில் எடுத்துவிட்டோம். அரை மணி நேரத்தில், 200 ரூபாய்க் குழாய் ஒன்றை வைத்துக்கொண்டு கண்டுபிடித்திருக்கக்கூடிய தவறு அது. உங்கள் வீட்டில் அது நேராமல் இருக்க, நான் பின்னால் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன்.

1. எந்த இரண்டு புள்ளிகள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

வாட்டம், சாய்வு இரண்டும் ஒன்றுதான். கட்டட வேலையில் வாட்டம் என்பார்கள், பள்ளிக் கணக்கில் சாய்வு என்பார்கள். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகும்போது எவ்வளவு ஏறுகிறோம் என்பதை, கிடையாக எவ்வளவு நகர்கிறோம் என்பதால் வகுத்தால் கிடைப்பது அது. பத்தாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் பாடத்தில் இரண்டு புள்ளிகளைக் கொடுத்துச் சாய்வு காணச் சொல்வதும் இதையே.

பாடப்புத்தகத்தில் புள்ளிகள் கொடுக்கப்பட்டிருக்கும். வாசலில் அவற்றை நாம்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மேல்புள்ளி, சக்கரம் ஏறி முடிக்கும் இடம். கீழ்ப்புள்ளி, சக்கரம் முதலில் சாய்தளத்தைத் தொடும் இடம். படியின் அடிவாரம் கீழ்ப்புள்ளி ஆகாது. நாங்கள் சறுக்கியது இங்கேதான். படியின் அடியிலிருந்து திண்ணை வரை 14 அங்குலம் என்பது உண்மை. ஆனால் மழைத்தண்ணீர் தெருப்பக்கம் ஓட வேண்டும் என்று முற்றத்துக்கே வாட்டம் கொடுத்திருந்தார்கள். படியிலிருந்து 14 அடி தள்ளிப் போனால் தரை 5 அங்குலம் தாழ்ந்திருந்தது. ஆக, ஏற வேண்டிய உயரம் 19 அங்குலம். அடிக்கு ஒரு அங்குலம் என்று நினைத்துக் கட்டியது அடிக்கு ஏறக்குறைய 11 நூலாக முடிந்தது. (ஓர் அங்குலத்துக்கு 8 நூல்.) கண்ணுக்கு அந்த 5 அங்குலம் தெரியவே தெரியாது. தரை சமமாக இருப்பதுபோலத்தான் தோன்றும்.

இன்னொன்று: மேல்புள்ளியில் பிறகு டைல்ஸ் ஒட்டப் போகிறீர்களா? கலவையும் டைல்ஸும் சேர்ந்து அந்த இடத்தை ஓரிரு அங்குலம் உயர்த்திவிடும். இன்றைய தரையை அளக்காமல், வேலை முடிந்தபின் தரை எங்கே இருக்குமோ அந்த மட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

கண்ணாடிபோல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், சுண்டுவிரல் பருமனில் 10 மீட்டர். ஹார்டுவேர் கடையில் எனக்கு 200 ரூபாய்க்குள் கிடைத்தது. இதைத்தான் டியூப் லெவல் என்கிறார்கள். 5 மீட்டர் டேப் ஒன்று, கொத்தனார் நூல், ஒரு தூக்குக்குண்டு, சாக்பீஸ், இரண்டு அடி ரசமட்டம் (குமிழியை வைத்து மட்டம் பார்க்கும் கட்டை). கடைசி மூன்றும் கொத்தனாரிடம் இருக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளலாம். உதவிக்கு இன்னொரு ஆள் கட்டாயம் வேண்டும்.

இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகம். அளந்த ஒவ்வொன்றையும் அப்போதே எழுதுங்கள். எந்தப் புள்ளியில் எடுத்தது, அங்குலமா சென்டிமீட்டரா என்பதும் அதிலேயே இருக்கட்டும். டேப்பை வைத்த இடத்தையும் எண்ணையும் சேர்த்துக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால், பிறகு வாக்குவாதம் வராது.

3. உயர வித்தியாசத்தை அளப்பது

ஒரு வாளியைத் திண்ணைமேல் வைத்து, அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக் குழாயை நிரப்புங்கள். பைப்பில் பிடித்து வேகமாக நிரப்பினால் குமிழிகள் உள்ளே சிக்கும். ஒரு குமிழி இருந்தாலும் அளவு பொய்யாகிவிடும். தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் கலந்தால் மட்டம் பளிச்சென்று தெரியும். இரண்டு முனைகளிலும் ஓர் அடி அளவு காலியாக இருக்கட்டும். நிரப்பியதும் இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால் குழாய் தயார்.

ஒருவர் மேல்புள்ளியில் ஒரு முனையை நிறுத்திப் பிடிக்கட்டும். நீங்கள் மற்ற முனையோடு கீழ்ப்புள்ளிக்குப் போங்கள். நடக்கும்போது இருவரும் முனையைக் கட்டைவிரலால் மூடிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் கொட்டிவிடும். இடத்துக்கு வந்ததும் இருவருமே விரலை எடுக்க வேண்டும். ஒருவர் மூடியே வைத்திருந்தால் தண்ணீர் சமநிலைக்கு வராது. அது ஆடி அடங்க அரை நிமிடம் பொறுத்திருங்கள்.

இப்போது இரு முனைகளிலும் தண்ணீர் நிற்கும் மட்டம் ஒன்றே. அந்த மட்டத்திலிருந்து தரை வரை இருவரும் டேப்பில் அளந்து சொல்ல வேண்டும். எங்கள் வாசலில் மேலே 32 அங்குலம், கீழே 51 அங்குலம் வந்தது. 51-லிருந்து 32-ஐக் கழித்தால் 19. உடைக்க வேண்டியதாகிவிட்டதே என்று அந்த எண்ணைப் பார்த்த நிமிடத்தில்தான் புரிந்தது.

இதில் புதியவர்கள் தடுமாறும் இடங்கள் இரண்டு. முதலாவது, இங்கே பெரிய எண் வந்த இடம்தான் தாழ்வானது. தண்ணீர் மட்டத்திலிருந்து கீழ்நோக்கி அளக்கிறோம் என்பதை மறந்தால் ஏற்றம் இறக்கமாகிவிடும். இரண்டாவது, கீழ்முனையை வேறு இடத்துக்கு மாற்றினால் மேல்முனையில் உள்ள தண்ணீரும் ஏறி இறங்கும். 'மேலே 32 என்று எழுதிவிட்டோமே' என்று பழைய எண்ணை வைத்துக் கழிக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் இரு பக்கமும் புதிதாக அளக்க வேண்டும்.

மொத்தத்தையும் மூன்று முறை செய்யுங்கள். மூன்று விடைகளும் இரண்டு நூலுக்குள் ஒத்துவந்தால் நம்பலாம். வராவிட்டால் குழாயில் குமிழி இருக்கிறதா என்று பாருங்கள்.

4. கிடைத் தூரத்தை அளப்பது

டேப்பைத் தரையோடு படுக்க வைத்து அளக்கக் கூடாது. மேல்புள்ளியிலிருந்து நூலை மட்டமாக இழுத்து, கீழ்ப்புள்ளிக்கு நேர் மேலே கொண்டுவந்து, அங்கே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு இடத்தை உறுதிசெய்யுங்கள். நூலை ஒட்டி அளந்தால் அதுதான் கிடைத் தூரம். நூல் மட்டமாக இருக்கிறதா என்பதற்கும் டியூப் லெவலே போதும். 5 மீட்டருக்கு மேல் போனால் நடுவில் குறி வைத்து இரண்டு துண்டாக அளந்து கூட்டுங்கள்.

சரிந்த பரப்பை ஒட்டி அளந்தால் எவ்வளவு பிழை வரும்? சாய்தளத்தில் அதிகமில்லை. 15 அங்குலம் ஏறி 180 அங்குலம் போகும் சாய்தளத்தின் சரிவு நீளம் கிடைத் தூரத்தைவிட 5 நூல்தான் கூடுதல். ஆனால் இதே பழக்கத்தோடு ஓட்டுக்கூரையின் சாய்வை அளந்தால் கணக்கு எங்கோ போய்விடும். 6 அடி உயரம், 8 அடி கிடைத் தூரம் உள்ள கூரையின் சரிவு 10 அடி. 6-ஐ 8-ஆல் வகுத்தால் 0.75, 10-ஆல் வகுத்தால் 0.6. அதனால் முதலிலேயே சரியான முறைக்குப் பழகிவிடுங்கள்.

5. வகுத்துப் பார்ப்பது

உயர வித்தியாசம் வகுத்தல் கிடைத் தூரம். அவ்வளவுதான். எங்கள் பழைய சாய்தளத்துக்கு 19 வகுத்தல் 168. ஏன் 14 என்று எழுதவில்லை என்றால், 14 என்பது அடி, 19 என்பது அங்குலம். இரண்டையும் ஒரே அலகுக்கு மாற்றிய பிறகே வகுக்க வேண்டும். விடை 0.113. இதை ஏறக்குறைய 1:9 (9 பங்கு நகர்ந்தால் 1 பங்கு ஏற்றம்) என்றும், 11.3 சதவீதம் என்றும் சொல்லலாம்.

எவ்வளவு இருக்கலாம்? மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற அமைச்சகம் 2021-ல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டு நெறிமுறைகளிலும் சரி, வேறு பல நாடுகளின் விதிகளிலும் சரி, சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு 1:12 என்பதே அளவுகோல். அது மேல்வரம்பு. இடம் இருந்தால் 1:15, 1:20 என்று இன்னும் படுக்கையாக அமைப்பது தள்ளுபவருக்கும் உட்கார்ந்திருப்பவருக்கும் நல்லது. ஓர் அடிக்கு 12 அங்குலம் என்பதால் 1:12 என்பது நம் கொத்தனார்கள் வாயில் 'அடிக்கு ஒரு அங்குலம்' ஆகிறது. இந்த ஒற்றுமை நமக்குப் பெரிய வசதி.

1:9-க்கும் 1:12-க்கும் பெரிய வித்தியாசமா என்று கேட்காதீர்கள். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 90 கிலோ என்றால், உராய்வைச் சேர்க்காமலேயே, 1:12-ல் ஏழரைக் கிலோவைத் தாங்கும் அளவு விசை தேவை. 1:9-ல் அது 10 கிலோ. அதை வழி முழுக்க விடாமல் கொடுக்க வேண்டும், இறங்கும்போது அதே அளவு பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். அறுபதைத் தாண்டிய அம்மாவின் மணிக்கட்டுக்கு அந்த இரண்டரைக் கிலோதான் முடியும், முடியாது என்பதைத் தீர்மானித்தது.

பாடத்தில் உள்ளபடியே செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: கீழ்ப்புள்ளியை (0, 0) என்று வைத்துக்கொண்டால், 180 அங்குலம் தள்ளி 15 அங்குலம் உயரத்தில் இருக்கும் மேல்புள்ளி (180, 15). 15 கழித்தல் 0, வகுத்தல் 180 கழித்தல் 0. விடை 1/12. எந்தப் புள்ளியிலிருந்து தொடங்கினாலும் விடை மாறாது, ஆனால் உயரத்துக்கும் தூரத்துக்கும் ஒரே வரிசையில் கழிக்க வேண்டும். உயரத்துக்கு ஒரு வரிசை, தூரத்துக்கு இன்னொரு வரிசை என்று மாற்றினால் குறை எண் வந்து நிற்கும். தேர்வுத்தாளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கிடைத் தூரம் 0 என்றால் அது நேராக நிற்கும் சுவர், அதற்குச் சாய்வு வரையறுக்க முடியாது. உயர வித்தியாசம் 0 என்றால் சமதரை, சாய்வும் 0.

சதவீதத்தையும் பாகையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இது ஆபத்தான குழப்பம். 1:12 என்பது 8.33 சதவீதம், பாகையில் 4.8 மட்டுமே. கைபேசியில் உள்ள மட்டம் பார்க்கும் செயலி பெரும்பாலும் பாகையைக் காட்டும். 'எட்டு இருக்கலாம்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு 8 பாகைக்குக் கட்டினால் அது 1:7 ஆகிவிடும். எங்கள் பழையதைவிட மோசம்.

6. இடம் போதவில்லை என்றால்

19 அங்குலம் ஏற வேண்டும், அப்படியானால் 19 அடி நீளம் விடலாமே என்று நானும் நினைத்தேன். ஆனால் 19 அடி தள்ளிப் போனால் முற்றம் இன்னும் தாழ்ந்திருக்கும். அங்கே உயர வித்தியாசம் ஏறக்குறைய 21 அங்குலம். சரி, 21 அடி என்றால் தரை இன்னும் கொஞ்சம் இறங்கும். கீழ்ப்புள்ளி நகர நகர உயரமும் கூடவே வளரும். எங்கள் முற்றத்தின் வாட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டபோது 22 அடியில்தான் 1:12 வந்தது. ஆனால் தெருப்பக்க கேட் 17 அடியிலேயே இருந்தது.

தீர்வு திசையை மாற்றியதில் கிடைத்தது. திண்ணையின் பக்கவாட்டிலிருந்து வீட்டுச் சுவரை ஒட்டி இறக்கினால் என்ன என்று அந்தத் திசையில் குழாயைப் பிடித்தோம். மேலே 33, கீழே 48. வித்தியாசம் 15 அங்குலம்தான். சுவரை ஒட்டிய பக்கத்தில் 15 அடி நீளத்தில் தரை ஓர் அங்குலமே தாழ்ந்திருந்தது. 15 அங்குலம், 15 அடி. சரியாக அடிக்கு ஒரு அங்குலம். அதே வீடு, அதே திண்ணை. கீழ்ப்புள்ளி மட்டும் வேறு. ஆகவே ஒரு திசையில் அளந்துவிட்டு மனம் தளர வேண்டாம். நான்கைந்து கீழ்ப்புள்ளிகளைச் சாக்பீஸால் குறித்து ஒவ்வொன்றுக்கும் வகுத்துப் பாருங்கள். ஒரு காலை நேரம் போதும்.

வளைத்துக் கட்டுவதானால், திரும்பும் இடத்தில் நாற்காலி சுழல ஐந்து அடிக்கு ஐந்து அடி சமதளம் வேண்டும். அந்த ஐந்து அடியைக் கிடைத் தூரத்தில் சேர்க்கக் கூடாது. அங்கே ஏற்றமே இல்லை. அதைச் சேர்த்து வகுத்தால் காகிதத்தில் 1:12 வரும், சரிவில் 1:9 இருக்கும். மேலே கதவருகிலும் இதே அளவு சமதளம் தேவை. எங்களுக்குத் திண்ணையே அதற்குப் பயன்பட்டது.

7. வேலையைப் பேசி முடிப்பது

'சாய்தளம் ஒன்று கட்ட வேண்டும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். கொத்தனாருக்கு வாட்டம் என்றால் தண்ணீர் ஓடும் வாட்டம்தான் கைப்பழக்கம். மொட்டைமாடிக்குப் பத்து அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்கு வைத்திருப்பார். நாற்காலிக்கான வாட்டத்தைக் கண்ணளவில் விட்டுவிடுவார். ஒரு தாளில் படம் வரைந்து, மேல்புள்ளி, கீழ்ப்புள்ளி, உயர வித்தியாசம், கிடைத் தூரம், அகலம் 4 அடி, இருபுறமும் கைப்பிடி, மேற்பரப்பு சொரசொரப்பு என்று எழுதுங்கள். மொத்தக் கூலியும் பொருள் யார் பொறுப்பு என்பதும் அதே தாளில் இருக்கட்டும். 'வாட்டம் அடிக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் போனால் திருத்தித் தர வேண்டும்' என்ற வரியைச் சேர்த்து இருவரும் கையெழுத்திடுங்கள். எங்கள் இரண்டாவது கொத்தனார் அந்தத் தாளைப் பார்த்து, 'இப்படி யாராவது எழுதிக் கொடுத்தால் எங்களுக்கும் நல்லதுதானே தம்பி' என்றார்.

வாடகை வீடானால் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். அடுக்குமாடியானால் சங்கத்துக்குக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தோடு நகலை வைத்துக்கொள்ளுங்கள். தனிவீடானால் பத்திரத்தில் உள்ள நான்கெல்லை அளவை ஒருமுறை பாருங்கள். கீழ்ப்புள்ளி உங்கள் எல்லைக்குள் இருக்க வேண்டும். தெருவில் நீட்டிக் கட்டினால் அது ஆக்கிரமிப்பு. உள்ளாட்சி நிர்வாகம் வந்து இடித்தால் கேட்க நமக்கு வாயில்லை.

8. செலவும் நாட்களும்

எங்களுக்கு முதல் சாய்தளத்துக்கு 21,000 ரூபாயும் அதை உடைத்து அள்ள 4,500 ரூபாயும் போயின. இரண்டாவதற்குக் கைப்பிடி நீங்கலாக 23,000 ஆனது. உடைத்த கல்லையே உள்ளே நிரப்பியதில் கொஞ்சம் மிச்சம். கூலியும் எம் சாண்ட் விலையும் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் இரண்டு பேரிடமாவது விலை கேளுங்கள். கைப்பிடிப் பைப்புக்குத் தனியாகப் பணம் ஒதுக்கி வையுங்கள். பணம் தீர்ந்துவிட்டது என்று அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பக்கச் சுவர் எழுப்ப ஒரு நாள். உள்ளே மண்ணும் கல்லும் நிரப்பித் தண்ணீர் விட்டு இடித்து இறுக்க மூன்று நாள். இதில் அவசரப்பட்டால் பிறகு தளம் உள்வாங்கி வாட்டம் கெடும். ஜல்லிக் கான்கிரீட் ஒரு நாள். அதன்பின் குறைந்தது ஏழு நாள் சாக்கு போட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதுவரை நாற்காலி ஏற்ற வேண்டாம். ஆக மொத்தம் இரண்டு வாரம். ஐப்பசி, கார்த்திகையில் தொடங்காதீர்கள். மருத்துவமனையிலிருந்து ஆளை அழைத்துவரும் தேதி தெரிந்திருந்தால், அதற்கு மூன்று வாரம் முன்னரே குழாயைக் கையில் எடுங்கள்.

9. கான்கிரீட் இறுகும் முன் சோதியுங்கள்

மேல்புள்ளியும் கீழ்ப்புள்ளியும் சரியாக இருந்தாலும் நடுவில் மேடு விழலாம். ஒரே நேர்கோட்டில் எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும் சாய்வு ஒன்றாகத்தான் இருக்கும். வேறாக இருந்தால் அது நேர்கோடு இல்லை. இதை வைத்தே சோதிக்கலாம்.

இரண்டு அடி ரசமட்டத்தைச் சரிவின் போக்கில் வையுங்கள். கீழ்ப்பக்க முனையை மெல்லத் தூக்கி, குமிழி நடுவுக்கு வந்ததும் நிறுத்துங்கள். அந்த முனைக்கும் தளத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை அளந்தால் 2 அங்குலம் வர வேண்டும். 24 அங்குலத்துக்கு 2, அதுவே 1:12. இரண்டரை வந்தால் அந்த இடம் 1:10-ஐத் தொட்டுவிட்டது, 3 வந்தால் 1:8. மேலே, நடுவே, கீழே என்று ஐந்தாறு இடங்களில் பாருங்கள். குறிப்பாகக் கடைசி இரண்டு அடி. தரையோடு சேர்க்கும் இடத்தில் கலவை குறைந்துபோய்ச் சட்டென்று இறக்கிவிடுவது வழக்கம். நாற்காலியின் முன்சக்கரம் முட்டிக்கொள்வதும் அங்கேதான்.

கொத்தனார் கையில் மணியாசுக்கட்டை (கலவையைத் தேய்த்துச் சமன்செய்யும் கட்டை) இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். மேடான இடத்தைச் சீவி, பள்ளத்தில் கலவை போட்டு இழுக்க ஐந்து நிமிடம் ஆகும். திருப்தியானதும் துடைப்பத்தால் குறுக்கே கீறல் போடச் சொல்லுங்கள். வழவழவென்று சிமெண்ட் பால் பூசவிடாதீர்கள். தண்ணீர் ஊற்றும் ஏழு நாளும் முடிந்தபின் முதலில் நாற்காலியில் ஓர் அரிசி மூட்டையை வைத்து, தினமும் தள்ளப் போகிறவரையே தள்ளச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் அம்மா இரண்டு முறை ஏற்றி இறக்கிப் பார்த்தார். மூன்றாவது முறை மூட்டையை இறக்கிவிட்டு அப்பாவை உட்காரவைத்தோம்.